கிறிஸ்மஸ் சீசனுக்குத் துணிக்கடையில 66 நாள் நின்னதுல எனக்கு ஆனது

தீபாவளி, கிறிஸ்மஸ் சீசன் வந்தாச்சுன்னா நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்னு எந்தத் துணிக்கடை வாசல்ல பாத்தாலும் விற்பனைக்குப் பெண்கள் தேவைன்னு போர்டு வச்சிருப்பாவ. போன வருஷம், 2024ல, அப்படி ஒரு போர்டப் பாத்துட்டுத்தான் நானும் போனேன். போறதுக்கு முன்னாடி இந்த வேலையில நின்னு பழகின ஒருத்தராவது என்னய உக்கார வச்சு நாலு விஷயம் சொல்லியிருந்தா என் கால் இந்தக் கோலத்துக்கு வந்திருக்காதுன்னு இப்பவும் தோணிட்டே இருக்கு, அதான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க.

எனக்கு 43 வயசு. திங்கள்நகர் பக்கத்துல வீடு. வீட்டுக்காரரு கொத்தனாரு, ஐப்பசி கார்த்திகை மழையில அவருக்கு வாரத்துல ரெண்டு நாள் வேலை கெடச்சாலே பெருசு. அந்த வருஷம் மே மாசம்தான் மூத்தவளக் கெட்டிக் குடுத்தோம், அப்போ டிசம்பர்ல அவளுக்குத் தலைக் கிறிஸ்மஸ். தலைக் கிறிஸ்மஸுக்கு மாப்ளை வீட்டுக்கு என்னென்ன போவும்னு நம்ம ஊர்ல இருக்கவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாப்ளைக்கும் மகளுக்கும் துணி, அங்க இருக்க மாமனாரு மாமியாரு நாத்தனாரு பிள்ளையளுக்குத் துணி, கேக்கு, முந்திரிக்கொத்து, பழம்னு ஒரு காரு நிறைய போவணும். கல்யாணக் கடனே தீரல, மறுபடியும் யார்ட்ட போய் நிக்கன்னு யோசிச்சப்பதான் இந்த வேலை. மாசம் 10,400 ரூபா, ஸ்டாஃபுக்கு துணியில டிஸ்கவுண்ட் உண்டு, விக்கிறதுக்கு ஏத்த மாதிரி இன்சென்டிவ்னு சொன்னாவ. ரெண்டரை மாசம் கண்ண மூடிட்டு நின்னா மகளுக்குக் கொறவில்லாம செய்யலாம்னு எனக்கு அவ்வளவு சந்தோசம்.

அக்டோபர் 15ஆம் தேதி சேந்தேன். காலையில ஒன்பதரைக்குக் கடைக்குள்ள நிக்கணும், ராத்திரி பத்து மணிக்குத்தான் விடுவாவ. மத்தியானம் சோத்துக்கு அரை மணி நேரம். சேந்த அன்னைக்கே நான் கவனிச்ச ஒண்ணு, கஸ்டமர் உக்காந்து பாக்க குஷன் போட்ட ஸ்டூல் வரிசையா கெடக்கு, கவுண்டருக்கு உள்ள எங்க பக்கம் ஒரு முக்காலி கூட கெடையாது. ஆள் இல்லாத நேரமும் நிக்கத்தான் வேணும், ரேக்குல சாஞ்சா கூட ஃப்ளோர் சூப்பர்வைசர் கேமராவுல தெரியுதுன்னு சத்தம் போடுவாரு. வயல் வேலைக்குப் போயிருக்கேன், முந்திரிக்கொட்டை உடைக்கிற அண்டிக்கம்பெனியில அண்டி தல்லியிருக்கேன், வேலை எனக்குப் புதுசு இல்ல. ஆனா நடக்காம, உக்காராம, ஒரே டைல்ஸ் மேல பன்னிரண்டு மணி நேரம் நிக்கிறது வேற மாதிரி வேதனை. வயல்ல கால் வலிக்கும், ராத்திரி தூங்கி எழும்பினா சரியாயிரும். இது காலுக்குள்ள ஈயத்த உருக்கி ஊத்துன மாதிரி கனக்கும், காலையில எழும்பினாலும் போவாது.

நான் நின்னது சேலை செக்‌ஷன். ஒரு பட்டுச்சேலைய கஸ்டமர் முன்னால விரிச்சுக் காட்ட ஒரு நிமிஷம் கூட ஆவாது, ஆனா மறுபடி மடக்கணும்னா முந்தி மேல வரணும், பார்டர் பார்டரோட சேரணும், உள்ள பேப்பர் வைக்கணும், பின் குத்தணும், டேக் வெளிய தெரியணும், கவர்ல போடணும், அது எப்படியும் மூணு நிமிஷம். நாப்பது சேலை விரிச்சுப் பாத்துட்டு அடுத்த கடையிலயும் ஒருக்கா பாத்துட்டு வாறோம்னு எழும்பிப் போனா ரெண்டு மணி நேரம் மடக்கு மட்டும். மடக்கி முடிக்கதுக்குள்ள அடுத்த குடும்பம் வந்து உக்காந்து "பிள்ளேய், அந்த மேல இருக்க மயில்கழுத்து கலர எடு"ன்னு சொல்லும். வலது கை பெருவிரல் நுனி முழுக்க பின் குத்தின ஓட்டை, அந்த விரல வச்சு வீட்ல உப்பு எடுத்தா எரியும். இதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்லல, 20 வருஷமா நானும் அப்படித்தான் கடை கடையா ஏறி இறங்கி துணி எடுத்திருக்கேன். அந்தப் பக்கம் நிக்கிற பிள்ளைக்கு அது என்னன்னு ஒருநாள் கூட எனக்குத் தோணினதில்ல, அத நெனச்சா இப்போ நெஞ்சு அடைக்கும்.

பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒண்ணு சொல்லணும், யாரும் வெளிய சொல்ல மாட்டாவ. எங்களுக்குக் கக்கூஸ் நாலாவது மாடியில, நாங்க நின்னது ரெண்டாவது மாடி, ஸ்டாஃப் லிஃப்ட்ல ஏறக்கூடாது, போறதுன்னா ரெஜிஸ்டர்ல எழுதிட்டுப் போவணும், கூட்டம் இருந்தா விட மாட்டாவ. அதனால எல்லாரும் தண்ணி குடிக்கிறதையே நிப்பாட்டிருவோம். நான் காலையில வீட்ல ஒரு சாயா குடிச்சா மத்தியானம் சோத்தோட அரை டம்ளர், அவ்வளவுதான். நவம்பர் கடைசியில நீர்க்கடுப்பு வந்து காய்ச்சல்ல விறைச்சிட்டே கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்துக்கு துணி எடுத்துக் காட்டினேன். என்கூட நின்ன பிள்ளை குலசேகரம் பக்கம், 19 வயசு. அப்பா ரப்பர் பால்வெட்டு, மழைன்னா வெட்டு கெடையாது, வீட்ல பைசா வராதுன்னு சீசனுக்கு வந்தவ. அவ மாசமுறை நாள்ல துணி மாத்தப் போவ முடியாம யூனிஃபார்ம் சேலையில பட்டுப் போச்சு, ரேக்குக்குப் பின்னால நின்னு அழுதா. நான் என் ஷால எடுத்து அவ இடுப்புல கெட்டிவிட்டேன். அன்னைக்கு அந்த ஃப்ளோர்ல கிறிஸ்மஸ் பாட்டுதான் ஓடிட்டு இருந்துச்சு.

வேலைக்குப் போற பிள்ளைங்க இந்த எடத்துல கொஞ்சம் கவனிங்க. சேரப் போவும்போதே தயங்காம கேக்க வேண்டியது இதெல்லாம், எத்தனை மணி நேரம், வாரத்துல எந்த நாள் லீவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, உக்கார எடம் உண்டா, கக்கூஸ் எந்த மாடியில, என்னென்னத்துக்கு சம்பளத்துல புடிப்பாவ. வேலைக்கு எடுத்ததுக்கு ஒரு பேப்பர் எழுதி வாங்குங்க. தரலன்னா விரல் வைக்கிற மெஷின்ல நேரம் காட்டுறத, ஷிஃப்ட் ஒட்டியிருக்க போர்ட, சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப்ல போடுற மெசேஜ எல்லாம் போட்டோ புடிச்சு வீட்டு ஆள் போனுக்கு அன்னைக்கே அனுப்பி வச்சிருங்க. நான் இதுல ஒண்ணு கூட செய்யல. அதுக்கு என்ன பலன்னு பின்னால சொல்றேன்.

அடுத்து என் சொந்தத் தப்பு. ஸ்டாஃப் டிஸ்கவுண்டுன்னு ஒண்ணு இருக்குல்ல, பைசா கையில இல்லன்னாலும் சம்பளத்துல புடிச்சுக்கிடலாம்னு கணக்கு எழுதி எடுக்கலாம். நாள் முழுக்க புதுசு புதுசா துணி கண்ணு முன்னால வந்துட்டே இருக்கும்போது மனசு என்ன ஆவும்னு அனுபவிச்சாத்தான் தெரியும். முதல்ல மகளுக்கு ஒரு சேலை, மாப்ளைக்கு சட்டை வேட்டின்னுதான் நெனச்சேன். அப்புறம் சம்மந்திக்கு, அப்புறம் நாத்தனாருக்கு சுடிதார், ஒரு பிள்ளைக்கு எடுத்தா மத்ததுக்கு எடுக்கண்டாமா, ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீன்னு ஒரு ஆஃபர் வேற. மொத்தம் 14,850 ரூபா. மாப்ளை வீட்டுக்காரங்க வாய் திறந்து ஒண்ணு கேக்கல, இத நான் சத்தியமா சொல்லணும். நாலு பேரு என்ன செஞ்சாவன்னு கேப்பாவளேன்னு நானா பயந்து நானா எடுத்தது.

டிசம்பர் பொறந்ததும் இடது கணுக்கால் உள்பக்கம் தோல் கறுத்துச்சு, அரிப்பு. பாதம் ராத்திரி வீங்கி செருப்பு வாரு பதிஞ்ச தடம் விடியக்காலம் வரைக்கும் பள்ளமா இருக்கும். முழங்காலுக்குக் கீழ நரம்பு பாம்பு மாதிரி வளைஞ்சு பச்சையா பொடச்சு நிக்கும். ரெண்டாவது பிள்ளை பொறந்தப்பவே லேசா இருந்ததுதான், அதனால பெருசா எடுக்கல. வீட்ல சொன்னா வேலைய விடச் சொல்லுவாவன்னு தைலத்தத் தேய்ச்சு மறைச்சு வச்சேன். இந்த அடையாளம் எல்லாம் யாருக்காவது இருந்தா, கனப்பு, சாயங்கால வீக்கம், கணுக்கால் கறுப்பு, அரிப்பு, தயவுசெஞ்சு தைலத்தோட நிக்காதீங்க, நரம்பு பொடச்ச எடத்த அமுக்கித் தேய்க்கவும் செய்யாதீங்க, டாக்டர்ட்ட காட்டுங்க.

டிசம்பர் 22 ஞாயித்துக்கிழமை. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, கடையில கால் வைக்க எடம் இல்ல. ராத்திரி எட்டரை இருக்கும், சேலைக் கட்டு வந்த அட்டப்பெட்டி மூலை என் இடது கணுக்கால்ல லேசா உரசிச்சு. அடிச்ச மாதிரி கூட தெரியல. கொஞ்ச நேரத்துல கால் நனைஞ்ச மாதிரி இருக்கு, யாரோ தண்ணி கொட்டிட்டாவன்னு குனிஞ்சு பாத்தா ரத்தம். குழாய் மூடி சரியா திருகாத மாதிரி மெலிசா பீச்சிட்டு இருக்கு, வெள்ளை டைல்ஸ்ல என் பாதம் பதிஞ்ச எடமெல்லாம் செவப்பு. வலியே இல்ல, அதான் ரொம்ப பயம் காட்டிச்சு. சூப்பர்வைசர் வந்தவரு முதல்ல பாத்தது என்னய இல்ல, கீழ கெடந்த சேலையில பட்டுருச்சான்னு. பின்னால ஸ்டோர் ரூமுக்குப் போவச் சொன்னாவ. அங்க ஒரு ஜாக்கெட் பிட்ட எடுத்து நானே கெட்டினேன், நின்னுட்டே. கெட்டக் கெட்ட நனையுது. அந்த ரூம்ல பத்து நிமிஷம் தனியா இருந்தேன், வெளிய பில் போடுற சத்தம் கேக்குது, செத்துப் போயிருவேனோன்னு நெனச்சேன், மகளுக்கு துணி கொண்டு குடுக்க யாரு போவான்னும் நெனச்சேன். குலசேகரம் பிள்ளைதான் ஓடி வந்து "எக்கா மொதல்ல கீழ படுங்க"ன்னு என்னய தரையில சாச்சு, காலத் தூக்கி துணிக்கட்டு மேல வச்சு, ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சா. அவ பாட்டிக்கு இதே மாதிரி ஒருக்கா ஆயிருக்காம். கொஞ்ச நேரத்துல நின்னுச்சு.

அந்தப் பிள்ளை செஞ்சதுதான் சரின்னு பிறகு டாக்டரும் சொன்னாரு. நரம்புச் சுருட்டு, அதாவது கால்ல பொடச்சு நிக்கிற ரத்தக்குழாய், உடைஞ்சு ரத்தம் வந்தா நிக்கவோ உக்காரவோ கூடாது, உடனே படுத்து கால நெஞ்சுக்கு மேல உயரமா வச்சு, சுத்தமான துணிய வச்சு அந்த எடத்துல அழுத்திப் புடிக்கணும், விட்டு விட்டுப் பாக்கக்கூடாது, 108க்கு போன் அடிக்கணும். நின்னுட்டே இருந்தா உயிருக்கே ஆபத்தாயிரும்னாரு. நான் நின்னுட்டேதான் கெட்டினேன்.

அன்னைக்கு ராத்திரி தனியார் கிளினிக், மறுநாள் வெளிய கால் ரத்தக்குழாயப் பாக்க டாப்ளர் ஸ்கேன், அப்புறம் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். அங்க ஒரு சின்ன வயசு டாக்டர், பொறுமையா சொன்னாவ. கெண்டைக்கால் சதை ஒரு பம்பு மாதிரியாம், நடக்கும்போது சுருங்கி ரத்தத்த மேல தள்ளும், அசையாம நின்னா ரத்தம் கீழயே தேங்கும், நரம்புக்குள்ள இருக்க வால்வு ஏற்கெனவே தளர்ந்தவங்களுக்கு அது இன்னும் கேடு. அரை மணிக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தா, இல்ல கொஞ்சம் நடந்திருந்தா, குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கியிருந்தா கூட இவ்வளவு மோசமாயிருக்காதுன்னாவ. இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் எழுதிக் குடுத்தாவ, அத காலையில படுக்கையில இருந்து எழும்புறதுக்கு முன்னாடியே போடணும், கால் வீங்கின பிறகு போட்டா பிரயோசனம் இல்ல. கடையில பாத்து நீங்களா வாங்கிப் போடாதீங்க, அளவும் இறுக்கமும் டாக்டர் சொல்லணும். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேட்டாவ, இருக்கு, இன்னும் தேதிக்குக் காத்திருக்கேன்.

கிறிஸ்மஸ் அன்னைக்கு கால நீட்டிப் போட்டு கட்டில்ல கெடந்தேன். துணியெல்லாம் வீட்டுக்காரரு 24ஆம் தேதியே கொண்டு குடுத்துட்டு வந்தாரு. மத்தியானம் மகளும் மாப்ளையும் வந்தாவ. நான் எடுத்துக் குடுத்த அரக்குச் சேலைய உடுத்திட்டு வந்தவ கட்டுப் போட்ட என் காலப் பாத்துட்டு, "எம்மா, இந்தச் சேலைக்கா இப்படி நின்னிய"ன்னு கேட்டா. நான் ஒண்ணும் பேசல. அவ அந்தச் சேலையோடயே கீழ உக்காந்து என் பாதத்த மடியில எடுத்து வச்சுக்கிட்டா. எனக்கு அப்போ 2017 ஓர்மைக்கு வந்துச்சு. எங்க அம்மை வீடு குளச்சல் பக்கம் கடற்கரை. ஒக்கிப் புயல்ல கடலுக்குப் போனவங்க திரும்பி வராத வருஷம், எங்க தெருவுல ஒரு வீட்லயும் ஸ்டாரும் கெட்டல, புதுத்துணியும் எடுக்கல. பழைய சேலையோட நடுராத்திரிப் பூசைக்குப் போனோம், ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு நின்னோம். யாரு என்ன உடுத்தியிருந்தாவன்னு இன்னைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

இனி கணக்கு. 69 நாள்ல மூணு நாள்தான் லீவு, 66 நாள் நின்னேன். மொத்தச் சம்பளம் 25,600. அதுல துணிக்கு 14,850, யூனிஃபார்ம் சேலை ரெண்டுக்கு 1,300, காணாமப் போன சுடிதாருக்கு எங்க பங்குன்னு 450 புடிச்சது போக கையில வந்தது 9,000. இன்சென்டிவ் மாசம் முழுசா நின்னவங்களுக்குத்தானாம், டிசம்பர நான் முடிக்கல. ஆஸ்பத்திரிச் செலவு, ஸ்கேன் 2,600, கிளினிக்கும் மருந்தும் 3,900, ஸ்டாக்கிங்ஸ் ரெண்டு ஜோடி 2,400, ஆட்டோ 1,700, ஆகமொத்தம் 10,600. காலையில போவ பொம்பளைங்களுக்கு பிங்க் பஸ் ஃப்ரீதான், ராத்திரி பத்துக்கு மேல எனக்கு அந்த பஸ் கெடைக்காது, சேர் ஆட்டோவுக்குக் குடுத்த காசு இதுல சேக்கவே இல்ல.

இதுக்கப்புறம்தான் சட்டம்னு ஒண்ணு இருக்கதே தெரிஞ்சுது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம்னு 1947லயே இருக்கு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை, கூடுதலா சேத்தாலும் பத்து மணி நேரத்துக்கு மேல போவக்கூடாது, கூடுதல் நேரத்துக்கு ரெட்டிப்புச் சம்பளம், வாரத்துல ஒரு நாள் லீவு. என் சம்பளத்துக்கு ஒரு மணி நேரம் 50 ரூபா, ரெட்டிப்பு 100 ரூபான்னு வச்சா, நாளுக்கு நாலு மணி நேரம் கூடுதல்னு 66 நாளுக்கு 26,400 வரும். எனக்குத் தராத பைசா தந்த சம்பளத்த விட கூடுதல்! 2021ல அந்தச் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு சேத்து, வேலை செய்ற எல்லாருக்கும் உக்கார வசதி செஞ்சு குடுக்கணும், வேலைக்கு நடுவுல நேரம் கெடச்சா உக்காரலாம்னு எழுதியிருக்காவ. கேரளாவுல 2018லயே வந்தாச்சு, அதுக்கு முன்னாடி கோழிக்கோட்டுல மிட்டாய்த் தெருவு கடைகள்ல நின்ன பெண்களும் விஜின்னு ஒரு தையல்காரம்மாவும் சேந்து முதல்ல கக்கூஸுக்கும் பிறகு உக்காரதுக்கும் வருஷக்கணக்கா போராடியிருக்காவ. கேரள எல்லையில உள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடந்த இத நான் கேள்விப்படவே இல்ல. இஎஸ்ஐங்கிற தொழிலாளர் காப்பீடும் அப்படித்தான், பத்து பேரோ அதுக்கு மேலயோ இருக்க கடையில 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கினா சீசன் ஆளுக்கும் அது உண்டு, என் சம்பளத்துல மாசம் 78 ரூபா புடிச்சிருப்பாவ, வைத்தியம் சேந்த நாள்லருந்தே கெடச்சிருக்கும்.

ஜனவரியில தொழிலாளர் உதவி ஆணையர் ஆபீசுக்கு நான் ஒருத்தியா போனேன். அங்க இருந்த அம்மா நல்லபடியாத்தான் கேட்டாவ, எத்தனை மணிக்கு வந்தன்னு காட்ட என்ன இருக்குன்னாவ. என்ட்ட ஒண்ணும் இல்ல. வாட்ஸ்அப் குரூப்லருந்து 23ஆம் தேதியே என்னய எடுத்துட்டாவ, போன்ல எடம் இல்லன்னு பழைய மெசேஜ நானே அழிச்சிருந்தேன். எழுதிக் குடுத்துட்டு வந்தேன். நீங்க போறதா இருந்தா மொதல்ல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாவ, 15100னு போன் நம்பர். தனியா போவாதீங்க, கூட நின்ன நாலு பேரச் சேத்துட்டுப் போங்க. ஒருத்தி சொன்னா கதை, நாலு பேரு சொன்னா சாட்சின்னு எனக்கு அங்க உக்காந்திருக்கும்போது புரிஞ்சுது.

துணி எடுக்கப் போறவங்ககிட்டயும் ஒரு அபேட்சை. எடுக்கண்டாம்னு சொல்லல, வருஷத்துக்கு ஒரு பண்டிகை, பிள்ளையளுக்கு ஆசை இருக்கும். வீட்ல இருந்தே எத்தனை துணி, எவ்வளவு ரூபான்னு ஒரு தாள்ல எழுதிட்டுப் போங்க. கடைசி ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு முன்னாடியே ஒரு செவ்வாய் புதன் காலையில போங்க. ஒன்பதரைக்கு மேல கடைக்குள்ள ஏறாதீங்க, நீங்க உள்ள இருக்கது வரைக்கும் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போவ முடியாது. புடிக்காத சேலைய விரிக்கதுக்கு முன்னாடியே வேண்டாம்னு சொல்லிருங்க. பில் போடும்போது இங்க வேலை செய்ற பிள்ளைங்களுக்கு உக்கார எடம் இல்லியான்னு மேனேஜர்ட்ட ஒரு வார்த்தை கேளுங்க. நாங்க கேட்டா வேலை போவும், நீங்க கேட்டா ஒண்ணும் ஆவாது.

இந்த வருஷம் செப்டம்பர் கடைசியில அந்தக் கடையில இருந்து போன் வந்துச்சு, "எக்கா சீசனுக்கு வாறியளா, உங்களுக்கு வேலை தெரியும்லா, ஆயிரம் ரூபா கூட்டித் தருவோம்"னு. குலசேகரம் பிள்ளை இந்த வருஷமும் அங்கதான் நிக்கிறா, அதனால உடனே வைக்க மனசு வரல. உக்கார ஸ்டூல் போட்டாச்சா, எட்டு மணி நேரத்துக்கு மேல உள்ளதுக்கு ரெட்டிப்பு உண்டா, இஎஸ்ஐ போடுவியளான்னு மூணும் கேட்டேன். கேட்டுட்டுச் சொல்றேன்னு வச்சாரு. இதுவரைக்கும் திரும்ப விளிக்கல. அந்தப் பிள்ளைக்கு என்ட்ட இருந்த ரெண்டாவது ஜோடி ஸ்டாக்கிங்ஸக் குடுக்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டேன், அவ கால் அளவு எடுக்காம குடுக்காதீங்கன்னாவ. வார புதன்கிழமை அவளுக்கு லீவாம், ஆசாரிப்பள்ளத்துக்கு நான் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன்.